கேளுங்க சொல்றேன்: கீழ போய் படம் பாத்த கதை

கே: ஒரு கம்ப்யூட்டர் அனிமேஷன் விண்வெளிப் படம். பேரு எழுதல, ரசிகர்கள் சண்டைக்கு வந்துருவாங்க. டிரெய்லரை ஆறு மாசமா பசங்களோட சேர்ந்து மனப்பாடம் பண்ணி, ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ஸைப் புடிச்சு கோயமுத்தூருக்கு இறங்கினோம். வழில சின்னவன் ரெண்டு தடவை வாந்தி. படத்துல கிராபிக்ஸ் பிரமாதம், ஆனா வெளிய வந்தப்ப மனசுல ஒண்ணும் ஒட்டல. எங்களுக்கு ரசிக்கத் தெரியலையா, ரொம்ப எதிர்பாத்துட்டோமா?
(பேர் போடாதீங்க, கோத்தகிரி)

ப: அக்கா, மொதல்ல சின்னவனுக்கு என் அனுதாபம், மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள எங்க வீட்லயும் ரெண்டு எலுமிச்சம்பழம் காலியாகும். ரசிக்கத் தெரியாதவங்க யாரும் டிக்கெட்டுக்கு மேல நாலு பேருக்கு பஸ் காசும் குடுத்துட்டுப் போக மாட்டாங்க.

டிரெய்லர் ரெண்டு நிமிஷம் ஓடிருக்கும். இருக்குறதுலயே நல்ல ஷாட்டாப் பொறுக்கி அதுல போட்டுட்டாங்க, மீதிப் படத்தை ஆறு மாசமா நீங்களும் பசங்களும் உங்க மண்டைக்குள்ளயே எடுத்து முடிச்சுட்டீங்க, அது கண்டிப்பா அவங்க எடுத்ததைவிட நல்லாத்தான் இருந்திருக்கும், அதுல பட்ஜெட்டும் கிடையாது புரொடியூசரும் கிடையாது பாருங்க.

நானும் இப்படி ஏமாந்தவன்தான். 2001ல பைனல் பேன்டசினு ஒரு படம் வந்துச்சு. நிஜ மனுஷங்க மாதிரியே இருக்குற ஆளுங்களை முழுக்க கம்ப்யூட்டர்லயே செஞ்சிருக்காங்க, ஹீரோயின் தலைல மட்டும் 60,000 முடி, எல்லாம் தனித்தனியா அசையும்னு படிச்சதுல இருந்து எனக்கு அந்த அறுபதாயிரத்தைத் தவிர வேற நெனப்பே இல்ல. நம்ம ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் ஒரு கடைல சிடி வாடகைக்கு வந்தப்ப ஓடிப் போய் எடுத்துட்டு வந்தேன். முடி அசைஞ்சுச்சு, பொய் சொல்லக்கூடாது, அவ்ளோ அழகா அசைஞ்சுச்சு. ஸ்வெட்டர் பின்னிட்டிருந்த எங்கம்மா நிமிர்ந்து பாத்துட்டு, "ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?"னு கேட்டாங்க. அதோட படம் முடிஞ்சுது எனக்கு.

அம்மா கேட்டதை மசாஹிரோ மோரினு ஒரு ஜப்பான் பேராசிரியர் 1970லயே எழுதி வச்சிருக்கார். ரோபோ மனுஷன் மாதிரி ஆக ஆக நமக்குப் புடிச்சுட்டே வரும், கிட்டத்தட்ட மனுஷன்தான்ங்கிற எடத்துல மட்டும் திடீர்னு அருவருப்பாயிரும், அந்த எறக்கத்துக்கு அவர் வச்ச பேரு பள்ளத்தாக்கு. நம்மூர்ல பள்ளத்தாக்குனா வ்யூ பாயின்ட்டு, பக்கத்துல மக்காச்சோளம் சுட்டு விப்பாங்க. அந்தப் பள்ளத்தாக்குல விழுந்த பைனல் பேன்டசிக்காரங்க எந்திரிக்கல. 13.7 கோடி டாலர் போட்டு எடுத்த படம் சுமார் எட்டரைக் கோடிதான் வசூல், ஹோனலூலுல இருந்த ஸ்டூடியோவையே மூடிட்டாங்க.

ஏழு வருஷம் கழிச்சு, 2008ல, வால்-ஈனு இன்னொரு கம்ப்யூட்டர் அனிமேஷன் படம் வந்துச்சு. குப்பை அள்ளுற ரோபோ, மூக்கு கிடையாது, வாய் கிடையாது, மூஞ்சினு இருக்குறதே ஒரு பைனாகுலர்தான். டைரக்டர் ஆண்ட்ரூ ஸ்டான்டன் பேஸ்பால் மேட்ச் பாக்கப் போன எடத்துல கையில இருந்த பைனாகுலரை மடக்கி விரிச்சுப் பாத்து, அது சிரிக்கிற மாதிரியும் அழற மாதிரியும் இருக்கேனு புடிச்ச கண்ணாம் அது. மொதல் அரை மணி நேரத்துக்கு வசனமே இல்லைனு சொல்லலாம், கீச் கீச்னு சத்தம்தான், அதைச் செஞ்சவர் பென் பர்ட், ஸ்டார் வார்ஸ் படத்துல ஆர்2-டி2ங்கிற அந்தக் குட்டி ரோபோவைப் பேச வச்சாரே, அவரேதான். இந்தத் தடவை எங்கம்மா பின்னுறதை நிறுத்திட்டு முழுசாப் பாத்தாங்க. நான் இந்தப் படத்தை எதிர்பாக்கவும் இல்ல, டிரெய்லரும் பாக்கல, அதையும் சொல்லிடணும்.

கே: கம்ப்யூட்டர் படத்துல எல்லாம் மெஷின்தானே பண்ணுது தம்பி, அப்புறம் ஏன் ஒரு படத்துக்கு நாலஞ்சு வருஷம் ஆகுதுங்கறாங்க?
(பிலிம் பேக்டரில வேலை பாத்தவர், இந்து நகர்)

ப: ஐயா, எங்கப்பாவும் உங்க பேக்டரிதான், நீங்க அவரைப் பாத்திருக்கக்கூட வாய்ப்பிருக்கு. 1967ல உற்பத்தி ஆரம்பிச்ச எடம், எக்ஸ்ரே பிலிம் டப்பாலதான் எங்க வீட்டு கடுகு சீரகம் எல்லாம் இருந்துச்சு. இப்ப ஒரு அடி பிலிம் இல்லாம முழுப் படமே எடுத்துடறாங்க, அப்பா இருந்திருந்தா நம்பியிருக்கவே மாட்டார்.

கணக்கு இதுதான். செகண்டுக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600. பெரிய படம்னா ஒரே ஒரு பிரேமை முடிக்க கம்ப்யூட்டருக்குப் பல மணி நேரம் ஆகும். அதுகூடப் பரவால்ல, அந்த பிரேம்ல ஓசில எதுவும் வராதுங்கிறதுதான் பெரிய தொல்லை. ஊட்டி பக்கம் ஷூட்டிங் நடக்குற ஒன்பதாவது மைல் புல்வெளில கேமராவை வச்சா மிஸ்ட் தானா வருது, புல்லு தானா ஆடுது, எங்கிருந்தோ ஒரு எருமை வந்து நின்னு ஷாட்டையே அழகாக்கிட்டுப் போயிருது. கம்ப்யூட்டர்ல எருமை வேணும்னா அதுக்கு எலும்பு, தோலு, தோல்மேல முடி, முடிமேல ஈரம்னு ஒருத்தர் உக்காந்து செய்யணும். இவ்ளோ பாத்துப் பாத்துச் செய்யறவங்க கதைய மட்டும் ஏன் அப்படியே விட்டுடறாங்கனு கேட்டீங்கன்னா, எனக்கும் அதே கோபந்தான்.

கே: படத்துல ராக்கெட் வெடிக்கிறப்ப காதே கிழிஞ்சிருச்சு. விண்வெளில சத்தமே கேக்காதுனு எங்க மிஸ் சொன்னாங்க. யாரு பொய் சொல்றாங்க?
(ஏழாம் வகுப்பு, குன்னூர்)

ப: மிஸ் சொன்னதுதான் கண்ணு சரி. சத்தம் நகர காத்து மாதிரி ஏதாவது வேணும், அங்க அது இல்ல. படக்காரங்களுக்கும் தெரியும், தியேட்டர்ல அத்தனை ஸ்பீக்கர் மாட்டிட்டு சும்மா இருக்க மனசு வராது.

அப்பா அம்மாவை ஒரு நாள் ஊட்டி பக்கத்துல இருக்குற முத்தோரைக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு. விண்வெளில இருந்து வர்ற ரேடியோ அலையப் புடிக்கிற டெலஸ்கோப் அங்க 1970ல இருந்து இருக்கு, கோவிந்த் ஸ்வரூப்ங்கிற விஞ்ஞானி தலைமைல கட்டினது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம்மூரு பூமத்திய ரேகைக்கு வடக்க சுமார் 11 டிகிரில இருக்குல்ல, அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாத் தேடிப் புடிச்சு அதுமேல படுக்க வச்சிருக்காங்க, அதனால அதோட அச்சும் பூமியோட அச்சும் ஒரே பக்கம் பாக்குது, ஒரே பக்கமாத் திருப்பிட்டே இருந்தாப் போதும், ஒரு நட்சத்திரத்தை ஒம்போதரை மணி நேரம் விடாம பின்தொடரலாம். உள்ள விடுவாங்களானு முன்னாடியே கேட்டுட்டுப் போங்க. திரும்புறப்ப பாலாடால கேரட் கழுவிட்டு இருப்பாங்க, ஒரு கிலோ வாங்கிட்டு வாங்க.