நிச்சயதார்த்த மோதிரத்துக்கு ஓவல் வைரம் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வியைப் பார்த்ததும் கடந்து போகத்தான் நினைத்தேன். நகைத் தொழிலில் இருப்பவர்கள் வந்து எழுதட்டும், நமக்கென்ன என்று. ஆனால் கேள்விக்குக் கீழே "சான்றிதழ் சரியாக இருந்தால் போதும்தானே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அங்கேதான் எனக்குக் குத்தியது. போதாதுங்க. போதும் என்று நம்பி 2024-ல் 17,000 ரூபாய்க்கு மேல் கோட்டைவிட்டவன் நான்.

நீங்கள் மாப்பிள்ளை என்றும், வைரம் வாங்குவது இதுவே முதல் தடவை என்றும், பெண்ணிடம் சொல்லாமல் வாங்கிப்போய் நீட்டப் போகிறீர்கள் என்றும் நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நான் ரத்தின நிபுணன் இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன். "இவனுக்கு என்ன தெரியும்" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஊர் தங்கச்சிமடம். பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில். எங்கள் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்களில் நிச்சயத்தன்று மோதிரம் போடுவோம், அப்புறம் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். மோதிரம் என்றால் அரைப் பவுனில் தங்கம், அவ்வளவுதான். வைரம் எங்கள் வீட்டில் யார் கையிலும் ஏறியதில்லை. நான் கத்தாரில் மூன்று வருஷம் சம்பாதித்த திமிரில் வைரம் என்று முடிவு செய்தேன். ஓவல் என்பது நான் கட்டிக்கொள்ளப் போகிறவளின் ஆசை. ராமநாதபுரத்தில் நர்ஸாக இருக்கிறாள். கூட வேலை செய்கிற பெண்ணின் கையில் பார்த்தாளாம். "உருண்டையா இல்லாம நீளக் கல்லு" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

மதுரையில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். விற்பனையாளர் முதலில் கேட்டது "எந்த ஊர் சார்?". ராம்நாடு பக்கம் என்றேன். "தண்ணியில்லாக் காட்டுல டைமண்ட் யாரு சார் போடுறா, கெட்டியா தங்கம் பாருங்க" என்று சிரித்தார். இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வேலையில் தப்புச் செய்த அதிகாரியைத் தூக்கி அடிக்கிற ஊர் என்று சினிமாவிலும் அதுதான், அரசு அலுவலகத்திலும் அதுதான். மூன்று பக்கமும் கடல் தெரிகிற இடத்திலிருந்து போய் நின்றவனிடம் தண்ணியில்லாக் காடு என்றால் எப்படி இருக்கும்? ரோஷத்தில், இருந்ததிலேயே பெரிதாகத் தெரிந்த கல்லை எடுக்கச் சொன்னேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

61 சென்ட் கல். அதாவது 0.61 காரட், ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். ஓவலுக்கு ஒரு வசதி உண்டு, எடையை விடப் பெரிதாகத் தெரியும். ஒரு காரட் வட்டக் கல் குறுக்கே சுமார் 6.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதே எடையில் ஓவல் நீளவாக்கில் 8 மில்லிமீட்டரை நெருங்கும். விரலின் வாக்கிலேயே படுத்திருப்பதால் விரலும் நீளமாகத் தெரியும். விளக்குக்குக் கீழே அந்தக் கல் தீப்பொறி மாதிரி பறந்தது. சான்றிதழ்க் காகிதத்தில் "எக்ஸலண்ட்" என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தது. வேறென்ன வேண்டும் என்று 1,11,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, வாசல் வேப்பமர நிழலில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்து "என்னடா வேப்பங்கொட்டை மாதிரி இருக்கு" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் மோதிரத்தை இப்படியும் அப்படியும் சாய்த்தார். அவர் சங்கு குளிக்கப் போனவர். சங்கு வாங்க வருகிற வியாபாரி அதை உருட்டி, பூச்சி துளைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். அந்தச் சங்கு வங்காளத்துக்குப் போய், அறுபட்டு, அங்கே கல்யாணமான பெண்களின் கையில் வளையலாகிறது. "நம்ம பொழப்பும் கல்யாண நகைதான்டா" என்பது அப்பாவின் பழைய பெருமை. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: "நடுவுல என்னடா உடுக்கை?"

பார்த்தேன். கல்லின் வயிற்றில் குறுக்கே, இரண்டு பக்கம் அகன்று நடுவில் ஒடுங்கி, கறுப்பாக உடுக்கை. கல்லின் இரண்டு நுனியும் மினுங்குகிறது, நடு மட்டும் செத்துக் கிடக்கிறது. சாய்த்தாலும் போகவில்லை. "இது கண்ணாடிடா, ஏமாத்திட்டான்" என்று அப்பா தீர்ப்பும் சொல்லிவிட்டார். அது தப்பு. கல் அசல் வைரம்தான். வைரத்திலும் இந்தக் கோளாறு உண்டு. தொழிலில் இதற்கு போ-டை என்று பெயர், கழுத்தில் கட்டுகிற அந்த டையின் வடிவத்தை வைத்து. ஓவல், பேரிக்காய் வடிவம், இரு முனையும் கூரான மார்க்கீஸ் என்று நீள வடிவக் கல் எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ வரும். குனிந்து பார்க்கிறபோது நம் தலையே வெளிச்சத்தை மறைக்கிறது. நீளமான கல்லில் நடுவிலுள்ள பட்டைகளின் சாய்வு சரியாக அமையாவிட்டால் அவை அந்த நிழலைத்தான் நமக்குத் திருப்பிக் காட்டும்.

வெட்கம் என்னவென்றால், நான் லைட் மாட்டிப் பிழைக்கிறவன். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் எங்கே என்ன லைட் போட்டால் பொருள் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். கூரை முழுக்கச் சின்னச் சின்ன ஸ்பாட் லைட், பத்துப் பதினைந்து திசையிலிருந்து. அதன் கீழே எந்தக் கல்லும் ஆடும். அண்ணாந்து ஒரு தடவை பார்த்திருந்தால் புரிந்திருக்கும்.

அந்த இரண்டு "எக்ஸலண்ட்" கதையையும் கேளுங்கள். ஜி.ஐ.ஏ. என்பது வைரத்தைச் சோதித்துச் சான்றிதழ் தருகிற அமெரிக்க நிறுவனம். அவர்கள் காகிதத்தில் வட்ட வைரத்துக்கு வெட்டு எப்படி என்று தனியாகத் தரம் போடுவார்கள். ஓவலுக்கு அந்த வரியே கிடையாது. எனக்குப் போட்டிருந்தது பாலிஷுக்கும் சிமெட்ரிக்கும். மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது, பட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றன, அவ்வளவுதான் அர்த்தம். உடுக்கை இருக்கிறதா, வெளிச்சம் திரும்பி வருகிறதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. காகிதம் பொய் சொல்லவில்லை, நான்தான் படிக்கத் தெரியாமல் படித்தேன். ஆனால் விற்றவருக்குத் தெரிந்திருக்கும் இல்லையா? "ரெண்டுமே எக்ஸலண்ட் சார்" என்று விரலை வைத்துக் காட்டியவர் அவர்தான்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது. வேறு வழியில்லாமல் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நானும் வர்றேன்" என்றாள். ரயில் தீவுக்குள் வராமல், கடலுக்கு அந்தப் பக்கம் மண்டபம் என்கிற ஊரோடு நின்றிருந்த காலம் அது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இரண்டு வருஷத்துக்கு மேல் இந்தத் தீவில் ரயில் சத்தமே கிடையாது. மதுரைக்குப் போகிற நோயாளி, காலேஜ் பிள்ளைகள், கூடை சுமக்கிற கிழவிகள் எல்லாரும் பஸ்ஸில் மண்டபம் போய்த்தான் ரயில் ஏறினார்கள். திறப்பு விழாவில் எல்லாரும் பாலத்தின் அழகைத்தான் பேசினார்கள். இந்த இரண்டு வருஷத்தை யாராவது பேசினார்களா என்று தெரியவில்லை. சரி, கேள்விக்கு வருகிறேன்.

கடையில் மாற்றித்தர ஒத்துக்கொண்டார்கள். செய்கூலி திரும்பாது, வரி திரும்பாது, கல்லுக்கு நூற்றுக்குப் பத்து கழிவு. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததாம். இந்தத் தடவை கற்களை வாங்கிக் கடை வாசலுக்குக் கொண்டுபோனோம், கூடவே ஒரு காவலாளி. நிழலில் கையை நீட்டிப் பிடித்து, முகத்தருகில் கொண்டுவந்து, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம். ஆறு கல்லில் இரண்டைப் பார்த்தவுடனே தள்ளினோம். ஒன்றில் லேசாக நிழல் வந்தது, சாய்த்ததும் ஓடிவிட்டது. அப்படி ஓடினால் பரவாயில்லை. கொஞ்சம் இருள் இருந்தால்தான் மினுக்கம் எடுத்துக்காட்டும்.

நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள், மில்லிமீட்டர் அளவு காகிதத்திலேயே இருக்கும். 1.35-லிருந்து 1.45 வரை நிறையப் பேருக்குப் பிடித்த வடிவம். என் முதல் கல் 1.62. நீளக் கல்லெல்லாம் மோசம் என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நீளம் கூடக் கூட உடுக்கையைத் தேடிப் பார்க்க வேண்டியது கூடும், அதுதான். நுனி இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு பக்கம் கூராக இருந்தால் முட்டையாகிவிடும். நிறம் ஓவலின் நுனிகளில் தேங்கும், அதனால் லேசான மஞ்சள் அங்கேதான் முதலில் தெரியும். எங்களுடையது எச் நிறம் (டி என்றால் நிறமே இல்லாதது, எழுத்து தள்ளிப் போகப் போக மஞ்சள் கூடும்). மஞ்சள் தங்கத்தில் பதித்ததால் யாருக்கும் தெரியாது. வெள்ளைத் தங்கம் என்றால் இன்னும் ஒரு படி மேலே பாருங்கள்.

கடைசியில் எடுத்தது 52 சென்ட், நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.38. அவள் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். மோதிரத்தைப் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி கையுறை ஒன்றை எடுத்து மேலே மாட்டினாள். கடையே திரும்பிப் பார்த்தது. கல் உயரமாக நின்றதால் கையுறை கிழிந்தது. "இது வேண்டாம், இறக்கி வச்சுக் குடுங்க" என்றாள். கல்லைத் தாழ்வாக, நகம் என்கிற சின்னத் தங்கக் கம்பிகள் ஆறு கவ்விப் பிடிக்கிற மாதிரி பதித்துத் தந்தார்கள். நீங்களும் அந்தப் பெண் கையால் என்ன வேலை செய்கிறாள் என்று யோசித்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அம்மா சொல்வது வேறு: மீன் ஆயும்போது கழற்றி வை, செதில் சிக்கும். அதுவும் சரிதான். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும், ஒட்டினால் மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு இரண்டு சொட்டு விட்டு, பழைய மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கம் தேய்த்தால் போதும்.

மோதிரத்தின் தங்கம் 22 காரட்டில் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிப்பார்கள். 18 காரட்டே வாங்குங்கள். 916, அதாவது 22 காரட், மென்மையானது, நகம் வளைந்தால் கல் போய்விடும். ஹால்மார்க்கும், எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் வருகிற ஹெச்.யு.ஐ.டி. என்கிற அடையாளக் குறியும் தங்கத்தைப் பற்றி மட்டும்தான். கல்லைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

லேப் வைரம், அதாவது ஆய்வகத்தில் உருவாக்கிய வைரம், வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம். அதுவும் வைரம்தான், கடையில் தொட்டுப் பார்க்கிற சாதாரணக் கருவியால் பிரிக்க முடியாது, விலையும் வெகு குறைவு. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் அதை அடகுக்கு எடுக்க ஆள் இல்லை. மீன்பிடித் தடைக்கால 61 நாளில் நகை எதற்கு உதவும் என்று கடற்கரைக்காரனுக்குத் தெரியும். அடகு வைக்கிற எண்ணமே இல்லாதவர் தாராளமாக வாங்குங்கள். உடுக்கை அதிலும் வரும்.

"ஓவல் என்றால் வட்டம் வாங்க வக்கில்லாதவன் வாங்குவது" என்று என் மச்சான் ஒருவர் சொன்னார். கோஹினூர் 1852-ல் லண்டனில் 191 காரட்டிலிருந்து சுமார் 105 காரட்டாக வெட்டப்பட்டபோது அதற்குக் கொடுத்த வடிவமே ஓவல்தான் என்று சொன்னேன். "அதையும் கெடுத்துட்டாங்களா" என்றார்.

போன மாதம் நண்பனுக்கு மோதிரம் பார்க்க அதே கடைக்குப் போனோம். தட்டில் ஒரு ஓவல், நல்ல நீளம், விளக்கடியில் பறக்கிறது. பத்து மடங்கு லென்ஸ் கேட்டு வாங்கி, கல்லின் இடுப்பில் லேசரில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தேன். பழைய காகிதத்தின் படம் இன்னும் என் மொபைலில் இருக்கிறது. அதே எண்.

"புது வரவு சார்" என்றார் விற்பனையாளர். நண்பன் வட்டக் கல்லே வாங்கிக்கொண்டான்.