ட்ரையல் ரூமுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா?

கேள்வி: பக்கவாதம் வந்து வலது பக்கம் பலவீனமாகிவிட்ட அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு அழைத்துப் போனேன். லிஃப்ட் இருந்ததால் இரண்டாம் மாடிக்குப் போய்விட்டோம். ஆனால் ட்ரையல் ரூம் வாசலில் ஒரு படி. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே பாதி இடத்தில் அட்டைப்பெட்டிகள். "வீட்டுல போட்டுப் பாருங்கம்மா, ஆனா ஆஃபர் துணி, மாத்தித் தர மாட்டோம்" என்றார்கள். இதையெல்லாம் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு அலுவலகங்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடமும், வணிகம் நடக்கும் இடமும் அந்தச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்ற வரையறைக்குள் வருகின்றன. அதனால் ஜவுளிக்கடையும் அதில் அடங்கும். மாற்றுத்திறன் 40 சதவீதம் என்ற சான்றிதழ் இருந்தால்தான் பேசலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கானது. ஓர் இடத்துக்குள் தடையில்லாமல் போய்வருவதற்கு அது தேவையில்லை.

சட்டம் இருந்தும் நடைமுறை ஏன் இப்படி இருக்கிறது? எவ்வளவு அகலம், எவ்வளவு சரிவு என்று சொல்லும் தரநிலைகள் பல ஆண்டுகள் வெறும் வழிகாட்டுதல்களாகவே கிடந்தன. ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது. இந்தத் தரநிலைகளைப் பற்றிய விதி 15(1) சட்டத்தின் நோக்கத்துக்கு முரணானது என்று சொல்லி, கட்டாயமான தரநிலைகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கடைக்கு நீங்கள் எழுதும் கடிதத்தில் இந்தத் தீர்ப்பையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். கடைக்காரர் தயவு காட்டும் விஷயம் இல்லை இது என்பது அவருக்குப் புரியும்.

நீங்கள் சொன்னவற்றில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது அந்த உள்பக்கம் திறக்கும் கதவு. குறுகிய அறைக்குள் ஒருவர் மயங்கியோ தடுக்கியோ விழுந்தால், அவர் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து தள்ளினால் அவருக்கு அடிபடும். கர்ப்பிணிகள், சர்க்கரை குறைந்து தலைசுற்றும் பெரியவர்கள், ஒற்றைக்காலில் நின்று லெகின்ஸ் மாற்றும் யாருக்கும் இது நேரலாம். அட்டைப்பெட்டிகளை அன்றைக்கே எடுத்துவிடலாம். கதவை மாற்றிப் போட ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. ஆகவே "இடம் இல்லை" என்ற பதிலை இந்த இரண்டு விஷயத்திலும் ஏற்காதீர்கள்.

முதலில் கடை மேலாளருக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தோ முத்திரையோ வாங்குங்கள். ஆளில்லாத அறையை, அதாவது படியையும் பெட்டிகளையும், படம் எடுத்து வையுங்கள். பலன் இல்லையென்றால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு மனு கொடுக்கலாம். அதற்கு மேல் சென்னையில் மாநில ஆணையர் இருக்கிறார். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், தொடர்ந்தால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் உண்டு.

மாற்றித் தருவது பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள். ஆனால் கிழியாத, சாயம் போகாத துணி அளவு சேரவில்லை என்பது 'குறை' ஆகாது. அதனால் பணம் கட்டும் முன்பே, "ட்ரையல் ரூமை எங்களால் பயன்படுத்த முடியவில்லை. அளவு சேராவிட்டால் இத்தனை நாளில் மாற்றித் தரப்படும்னு பில்லுலயே எழுதி முத்திரை போடுங்க" என்று கேளுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள். வாய் வார்த்தையை நம்பிப் பணம் கொடுத்துவிட்டு வர வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915.

அப்புறம் அம்மாவுக்கு ஒன்று. முன்பக்கம் முழுதும் திறக்கும் டாப்ஸாகப் பாருங்கள். போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். அளவை உட்கார்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருக்கும் டாப்ஸ், உட்கார்ந்தால் இடுப்பில் இறுக்கிப் பிடிக்கும்.

கேள்வி: ட்ரையல் ரூமில் கேமரா இருக்குமோ என்ற பயத்திலேயே நான் துணி போட்டுப் பார்ப்பதில்லை. கண்ணாடியில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்களே, அது சரியா?
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: மறுபக்கத்திலிருந்து பார்க்கக்கூடிய கண்ணாடியா என்று அறிய, விரலுக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி பார்க்கும் அந்தச் சோதனையை நம்பி முடிவுக்கு வராதீர்கள். கண்ணாடியின் வகையைப் பொறுத்து அது மாறும். அதைவிட, கண்ணாடியில் முகத்தை ஒட்டி, இரண்டு கைகளாலும் வெளிச்சத்தை மறைத்துப் பாருங்கள். பின்னால் இருப்பது தெரிந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். முக்கியமாகப் பார்க்க வேண்டியவை தடுப்பின் மேலும் கீழும் உள்ள திறப்புகள். ஒரு செல்போனை நீட்ட அவ்வளவு இடம் போதும். கொக்கி, திருகாணி, புகை எச்சரிக்கைக் கருவி ஆகியவற்றில் தேவையில்லாத துளை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். தாழ்ப்பாள் இல்லாத அறை, ஓரம் மூடாத திரை என்றால் வேறு அறை கேளுங்கள்.

ஏதாவது கண்ணில் பட்டால் அதைத் தொடாதீர்கள், கழற்றாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். உடை மாற்றும் பெண்ணை மறைந்திருந்து பார்ப்பதற்கும் படம் எடுப்பதற்கும், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 1 முதல் 3 ஆண்டு வரை சிறை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை காரணம் காட்டி அனுப்ப முடியாது. உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, வீட்டில் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: நான் அப்பா. எட்டு வயது மகளுக்கு உடை வாங்கப் போனால் பெண்கள் ட்ரையல் ரூம் பக்கம் என்னை விடுவதில்லை, தனியாக அவளையும் விடமுடியவில்லை.
– வாசகர், கோவை

பதில்: குழந்தைகள் பிரிவில் தனி அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் ஆண்கள் பகுதியில் ஒரு அறையை உங்கள் இருவருக்கும் ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். தெரியாத ஊழியரோடு குழந்தையை அனுப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எனக்குப் பத்துக்கு இருபது அடியில் ஒரு ரெடிமேட் கடை. இருக்கும் ட்ரையல் ரூம் மூன்றுக்கு மூன்று. வயதானவர்கள் சிரமப்படுவதைப் பார்க்கிறேன். இந்த இடத்தில் என்ன செய்யலாம்?
– கடை உரிமையாளர், கும்பகோணம்

பதில்: நீங்களாகவே கேட்டது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி, அதாவது 150 சென்டிமீட்டர், இடம் வேண்டும். நிரந்தர அறையாக அதை ஒதுக்க முடியாவிட்டால், கடையின் பின் மூலையில் கூரையில் தண்டவாளம் பொருத்தி, தரைவரை தொங்கும் கனமான திரை போடுங்கள். தேவைப்படும்போது இழுத்தால் அறை, மற்ற நேரத்தில் கடை. திரையின் ஓரங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள காந்தமோ வெல்குரோவோ வைத்துத் தையுங்கள்.

உள்ளே 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில், ஆடாத, சாய்மானம் உள்ள நாற்காலி ஒன்று. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், வழுக்கும். பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி. அதைச் சுவரில் நன்றாகப் பதிக்க வேண்டும், பிளைவுட்டில் மாட்டினால் பாரம் தாங்காது. கொக்கிகளை நிற்பவருக்கு ஒன்றும் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமாக இரண்டு உயரத்தில் அடியுங்கள். கண்ணாடி தரையிலிருந்தே தொடங்கட்டும்.

கடை வாசலில் படி இருந்தால் அதையும் பாருங்கள். அதன் மேல் போடும் சரிவுப் பலகையின் சரிவு 1:12, அதாவது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளப் பலகை. தெருவை அடைக்குமென்றால் கழற்றி வைக்கும்படி செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. ட்ரையல் ரூம் நாற்காலி வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கடை வாசலில், "உட்கார்ந்து உடை மாற்ற வசதி உண்டு" என்று ஒரு பலகையும் எழுதி வையுங்கள். வாசலோடு திரும்பிப் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.