புரதம் செய்யப் புரதமே தேவையென்றால், முதற் புரதம் எப்படி உண்டானது?

கலங்களுக்குள் புரதங்களைச் செய்யும் நுண்பொறியான இறைபோசோமிலும் (ribosome) புரதங்கள் இருக்கின்றன, அவற்றைச் செய்வதும் இறைபோசோம்தான் என்றால் முதலில் வந்தது எது என்று கேட்டிருக்கிறீர்கள். ஹட்டனுக்கு அண்மையில் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சென்ற தவணையில் ஒரு மாணவியும் இதையே கேட்டாள். அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

எங்கள் லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பழைய காம்பராவின் கருங்கற் சுவரை இடிக்காமலே, முன்திண்ணையான இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை, பின்புறம் ஒரு குசினி என்று தலைமுறைதோறும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தால்தான் முதற் சுவர் எதுவென்று தெரியும். இறைபோசோமும் அப்படி வளர்ந்ததுதான். பற்றீரியா, அதைப் போலத் தோன்றினாலும் வேறொரு நுண்ணுயிர் வகையான ஆர்க்கியா, மனிதக் கலம் மூன்றிலும் அதன் நடுப்பகுதி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, வெளிப்புறச் சேர்க்கைகளே வேறுபடுகின்றன.

அந்த நடுப்பகுதியில் இருப்பது டி.என்.ஏ.யை ஒத்த ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறு. சாக்கடலில் வாழும் ஓர் ஆர்க்கியாவின் இறைபோசோமுடைய இரு பாகங்களுள் பெரியதான பெரிய துணையலகை, 2000 ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டைட்ஸ் குழுவினர் அணு அளவில் வரைந்து காட்டியபோது, புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் பிணையும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 18 ஆங்ஸ்ட்ரொம் (ஓர் ஆங்ஸ்ட்ரொம் என்பது மில்லிமீற்றரில் கோடியில் ஒரு பங்கு) தூரத்துக்குப் புரதமே இருக்கவில்லை. பிணைப்பை உண்டாக்குவது ஆர்.என்.ஏ.தான் என்பது இதனால் தெளிவானது. இறைபோசோம் ஆய்வுக்கான 2009 ஆம் ஆண்டு இரசாயனவியல் நோபல் பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பதை என் மாணவர்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை. மற்றவரான அடா யோனத், பிணைப்பு நிகழும் குழியின் இரு பாதிகளும் ஒரே விதமாக மடிந்திருப்பதைக் கண்டு, ஆதியில் இரண்டு சிறிய ஆர்.என்.ஏ. துண்டுகள் கூடி அக்குழியை அமைத்தன என்று கருதினார். எனக்கும் இதுவே மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

ஆகவே முதலில் வந்தது ஆர்.என்.ஏ. அது கோத்த முதற் சங்கிலிகள் எந்த மரபுச் செய்தியையும் படித்துச் செய்யப்பட்டவையல்ல, கிடைத்த அமினோ அமிலங்களைக் கொண்ட குறுந்துண்டுகளாகவே இருந்திருக்கும். அவற்றுள் ஆர்.என்.ஏ.யோடு ஒட்டி அதைச் சிதையாமல் தாங்கியவை அங்கேயே தங்கிவிட்டன என்று நினைக்கிறேன். இன்றும் இறைபோசோமின் வெளிப்புறத்தில் புரதங்கள் உருண்டையாக மடிந்திருக்க, உள்நோக்கி நீளும் அவற்றின் வால்கள் மடியாமல், வெறும் நூல்போல ஆர்.என்.ஏ.யின் இடுக்குகளுக்குள் செருகிக் கிடக்கின்றன.