நாய் ஓயாமல் கடித்துக்கொள்கிறதா? கற்பூர எண்ணெய் வேண்டாம்

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு இரண்டு வயது. மழை தொடங்கியதிலிருந்து வாலுக்கு மேலே முதுகைக் கடித்துக்கொண்டே இருக்கிறது. தோல் சிவந்து முடியும் கொட்டுகிறது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவலாமா?

பதில்: கற்பூரம் வேண்டவே வேண்டாம். எதைத் தடவினாலும் நாய் அதை நக்கும். கற்பூரம் தோல் வழியாகவும் வாய் வழியாகவும் உள்ளே போனால் வாந்தி, நடுக்கம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடும். ஏற்கெனவே தடவியிருந்தால் நாய்களுக்கான ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, சோர்ந்தாலோ உடல் நடுங்கினாலோ உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நீங்கள் சொல்கிற இடத்தைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல்தான். வாலடி முடியை விலக்கிப் பாருங்கள், மிளகுத்தூள் தூவினாற்போல கறுப்புப் பொடி இருக்கும். அதைக் கொஞ்சம் எடுத்து நனைத்த வெள்ளைத் துணியில் வைத்து நசுக்குங்கள். செம்பழுப்பாகக் கறை பரவினால் அது பூச்சியின் எச்சம், அதாவது உங்கள் நாயின் செரித்த ரத்தம். பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலைந்து கடி போதும், நாள் கணக்கில் அரிக்கும்.

சரி, அரிப்பைத் தணிக்க என்ன செய்யலாம்? நான் அதிகம் நம்புவது ஓட்ஸ் குளியலைத்தான். மசாலா சேராத வெறும் ஓட்ஸை மிக்ஸியில் மாவாக அரையுங்கள், ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் கலக்கினால் பால் மாதிரி வெளுக்க வேண்டும், அடியில் தங்கினால் இன்னும் அரைக்கணும். ஒரு கப் மாவை ஒரு வாளி தண்ணீரில் கலக்கி (வெந்நீர் கூடாது, சூடு அரிப்பைக் கூட்டும்) உடம்பில் மெல்ல ஊற்றி பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், அடிமுடி வரை காயட்டும்.

சோற்றுக்கற்றாழையும் நல்லதுதான், ஆனால் மடலை வெட்டியதும் வடிகிற மஞ்சள் பாலை நக்கினால் வயிற்றுப்போக்கு வரும். அதனால் பால் முழுக்க வடிந்தபின் தோல் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் கழுவித் தடவி, காயும்வரை பக்கத்திலேயே உட்காருங்கள். தேங்காயெண்ணெய் வறண்ட இடத்துக்கு மட்டும், துளியளவு. பிசுபிசுத்து வாடை வீசுகிற தோலில் எண்ணெய் தடவினால் பூஞ்சை இன்னும் கொழுக்கும். வேப்பெண்ணெயை அப்படியே பூச வேண்டாம், பினாயில் கலந்த தண்ணீர் பக்கமே போகாதீர்கள்.

இதெல்லாம் தோலுக்கு ஆறுதல்தான், பூச்சி இதனால் போகாது. அதன் முட்டைகள் நாய் படுக்கிற சாக்கிலும் தரை இடுக்கிலும்தான் உதிர்ந்து கிடக்கும், அதனால் படுக்கையை வாராவாரம் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், நாயின் எடைக்கேற்ற பூச்சி மருந்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், காது விளிம்பிலும் முழங்கையிலும் பொருக்குத் தட்டியிருந்தாலோ, வட்டமாக முடி கொட்டியிருந்தாலோ, சீழ் வடிந்தாலோ வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாதீர்கள். சொறிப்பூச்சியும் படர்தாமரையும் மனிதருக்கும் ஒட்டும், வீட்டில் யாருக்காவது கையில் அரிப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.