ஒரே பெயரில் எத்தனை வண்டி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகனுக்கு பல்சர் 160 வாங்கலாம் என்று போனேன். என்160, என்எஸ்160 என்று இரண்டைக் காட்டுகிறார்கள். ஓர் எழுத்துதானே வித்தியாசம், விலை குறைந்ததை எடுத்துவிடலாமா?
– எம்.கே., திருமங்கலம்

பதில்: எழுத்து ஒன்றுதான். ஆனால் இன்ஜினும் வேறு, ஃபிரேமும் வேறு. என்எஸ்160-ல் இருப்பது 160.3 சிசி, நான்கு வால்வு இன்ஜின்; 17.2 பி.எஸ். (குதிரைத்திறன்) தரும். என்160-ல் 164.82 சிசி, இரண்டு வால்வு, 16 பி.எஸ். இரண்டுமே ஆயில் கூலிங் என்பதோடு ஒற்றுமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நான்கு வால்வு இன்ஜின் மேல் வேகத்தில்தான் முழுப் பலத்தைக் காட்டும். நான்குவழிச் சாலையில் விருதுநகர் வரை தினமும் போய்வருகிறவருக்கு அது சரி. என்160 கீழ் வேகத்திலேயே இழுக்கும். மாசி வீதிகளில் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் ஊர்கிறவருக்குக் கியர் மாற்றும் வேலை குறையும். கல்லூரிக்கும் கடைவீதிக்கும்தான் என்றால் என்160 போதும். ஆனால் விலை குறைவு என்பதற்காக அதை எடுக்காதீர்கள்.

இரண்டுமே 150 சிசியைத் தாண்டியவை என்பதையும் கவனியுங்கள். புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய். 150-க்கு மேல் 350 சிசி வரை 7,365 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. 149.5 சிசி பல்சர் 150-ம் 149.68 சிசி என்150-ம் முதல் வரிசையில் நின்றுவிடுகின்றன. பத்து சிசி கூடினால் காப்பீடு ஏறக்குறைய இரண்டு மடங்கு!

கேள்வி: 2019 மாடல் பல்சர் 150 பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. முன் ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது, "சீல் மாற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– ஆர்.எஸ்., மேலூர்

பதில்: முதலில் அது எந்தப் பல்சர் 150 என்று பாருங்கள். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளதும், முன்னும் பின்னும் டிஸ்க் உள்ளதும் ஒரே பெயரில் விற்றவை. டிரம் வண்டியின் ஃபோர்க் பைப் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்) விட்டம் 31 மி.மீ., டபுள் டிஸ்க்கில் 37 மி.மீ. "பல்சர் 150 ஃபோர்க் சீல்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் கைக்கு வந்ததைத் தருவார். மெக்கானிக் எல்லாவற்றையும் கழற்றிப் போட்ட பிறகுதான் அது பொருந்தாதது தெரியும். வெர்னியர் (துல்லிய அளவுகோல்) வைத்துப் பைப்பை அளந்துவிட்டுக் கடைக்குப் போகச் சொல்லுங்கள்.

சீல் என்பது ஆயிலை உள்ளே நிறுத்தும் ரப்பர் வளையம். அதை மாற்றினால் சரியாகுமா என்பது பைப்பைப் பொறுத்தது. சீல் உரசும் இடத்தில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். குரோம் பூச்சு பெயர்ந்து சொரசொரப்பாகவோ துருப்புள்ளியாகவோ நகத்தில் இடறினால், புது சீலின் உதட்டையும் அது கிழித்துவிடும். சில வாரங்களில் மறுபடி கசியும். அப்போது பைப்பையே மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பைப் வழுவழுப்பாக இருந்தால் சீலும் டஸ்ட் சீலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினால் போதும். ஃபோர்க் ஆயிலை அளவுக் குவளையில் அளந்து இரு பக்கமும் சமமாக ஊற்றவேண்டும். கண்ணளவில் ஊற்றினால் ஃபோர்க்கின் ஒரு பக்கம் முந்தி அமுங்கும், ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும்.

டயரையும் பாருங்கள். டிரம் வண்டிக்குப் பின்னால் 100/90-17, டபுள் டிஸ்க்குக்கு 120/80-17; முதல் எண் டயரின் அகலம், மி.மீ.-ல். தோற்றத்துக்காக ஒல்லி ரிம்மில் 120 டயரை ஏற்றியிருப்பார்கள். ரிம் அதன் இரு ஓரத்தையும் இறுக்கிப் பிடிப்பதால் நடுப்பகுதி மட்டும் தரையில் பட்டுச் சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி சட்டென்று விழுவதுபோல் தோன்றும். இன்னொன்று: 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளுக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஆகவே 2019 வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கவும் செய்யும், இல்லாமலும் போகும். இருந்தால், சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும், வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால், பஞ்சர் ஒட்டக் கழற்றும்போது சென்சார் ஒயர் அடிபட்டிருக்கலாம். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைச் 'சரிசெய்து' வைத்திருக்கிறார்கள், தள்ளிப் போய்விடுங்கள்.

கேள்வி: 98,000 ரூபாய் வண்டியைக் கேட்டால், "நாலாயிரம்தான் கூட, புளூடூத் மாடலாகவே எடுத்துக்கோங்க" என்று ஷோரூமில் வற்புறுத்துகிறார்கள். எடுக்கலாமா?
– வி., அவனியாபுரம்

பதில்: நாலாயிரத்தோடு நிற்காது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி 1 லட்சம் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். 98,000-க்கு வரி 9,800. 1,02,000-க்கு 12,240. ஆக நாலாயிரம் என்பது 6,440 ஆகிறது, கடனில் எடுத்தால் வட்டி வேறு. அந்தப் பணத்துக்கு டிரம்முக்குப் பதில் டிஸ்க் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் எடுங்கள், மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும். போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று மீட்டரில் காட்டுவதற்கு வேண்டாம்.

கேள்வி: ஏன் இப்படி ஒரே பெயரை ஜவ்வு மிட்டாய் மாதிரி இழுக்கிறார்கள்?
– பெயர் வேண்டாம், அண்ணா நகர், மதுரை

பதில்: புதுப் பெயரை மக்கள் மனதில் பதிக்கக் கோடிக்கணக்கில் செலவாகும். ஸ்ப்ளெண்டர் 1994-ல் வந்தது, பல்சர் 2001-ல், அப்பாச்சி 2005-ல். அந்தப் பெயர்களுக்கு விளம்பரமே தேவையில்லை. ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு படி வைத்தால், வருகிறவர் கையில் எவ்வளவு இருந்தாலும் ஏதோ ஒரு படியில் நின்று வாங்கிவிடுவார். தீபாவளிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டினால் புது மாடல்.

இழுப்பதெல்லாம் தப்பு என்று சொல்லமாட்டேன். ராயல் என்ஃபீல்டில் மீட்டியர், ஹண்டர் இரண்டிலும், 2021-க்குப் பிந்தைய கிளாசிக், 2023-க்குப் பிந்தைய புல்லட்டிலும் அதே 349 சிசி இன்ஜின்தான். சக்கர அளவு மாறும். இன்ஜினுக்குள் இருக்கும் பாகத்துக்கு அதிகம் அலைய வேண்டியதில்லை. எச்.எஃப். டீலக்ஸும் ஸ்ப்ளெண்டர் பிளஸ்ஸும் அப்படித்தான், 97.2 சிசி. பெயர் வேறாகி இன்ஜின் ஒன்றானால் நமக்கு லாபம். பெயர் ஒன்றாகி இன்ஜின் வேறானால்தான் தலைவலி. அப்பாச்சி ஆர்.டி.ஆர். 160 நல்ல உதாரணம்: 2வி (இரண்டு வால்வு), 4வி (நான்கு வால்வு) இரண்டுக்கும் 159.7 சிசி. ஆனால் ஒன்று ஏர் கூலிங், மற்றது ஆயில் கூலிங். பின்னால் ஒன்றுக்கு இரண்டு ஷாக், மற்றதற்கு மோனோஷாக், அதாவது ஒற்றை ஷாக். ஆர்.சி. புத்தகத்தில் சிசியைப் பார்த்துப் பார்ட்ஸ் வாங்கினால் ஏமாந்து போவீர்கள்.

கேள்வி: கிளாசிக் 350-க்கு ஹெட் கேஸ்கெட் வாங்கினேன், பொருந்தவில்லை. போலியா?
– டி.பி., உசிலம்பட்டி

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. 2021-க்கு முந்தைய கிளாசிக் 346 சிசி, வால்வைத் திறக்கும் கேம் கீழே இருந்து கம்பியால் தள்ளும் புஷ்ராடு இன்ஜின். அதன்பின் வந்தது 349 சிசி, கேம் ஹெட்டிலேயே இருக்கும். பெட்ரோல் டேங்கில் பெயர் மட்டும் மாறவில்லை. சேஸிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் போனில் படம் எடுத்துப்போய்க் கம்பெனி கவுண்டரில் காட்டுங்கள். பில் கிழியாமல், பாகத்தில் ஆயில் படாமல் இருந்தால் கடையில் மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: தோட்டத்திலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்ற எக்ஸ்எல் 100 வாங்கப்போகிறேன். அதிலும் ஹெவி டியூட்டி, கம்ஃபர்ட், ஐ-டச் என்கிறார்கள். எது?
– கே.எம்., சோழவந்தான்

பதில்: மதுரையில் 1912-ல் பஸ் ஓட்டிய டி.வி.எஸ். குடும்பத்து வண்டி, சோழவந்தான் வெற்றிலைக்கு அந்நியமில்லை! எல்லாவற்றிலும் 99.7 சிசி இன்ஜின்தான். பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டு ஏற்றப்போகிறீர்கள் என்றால் ஹெவி டியூட்டியே போதும். ஐ-டச் என்பது பட்டன் ஸ்டார்ட். நாளுக்கு இருபது இடத்தில் நிறுத்தி எடுப்பவருக்குக் கால் நோகாது, ஆனால் வாரக்கணக்கில் சும்மா நிறுத்தினால் பேட்டரி இறங்கும். எதை எடுத்தாலும் கியர் கிடையாது, கிளட்ச் இன்ஜின் வேகத்தில் தானாகப் பிடிப்பது. நனைந்த வெற்றிலைக் கட்டுகளை அளவுக்கு மீறி ஏற்றி, வாய்க்கால் கரை ஏற்றத்தில் நின்றபடியே முறுக்கினால் கிளட்ச் வழுக்கும், தீய்ந்த வாடை வரும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கித் தள்ளுங்கள்.