கேள்வி–பதில்: நிலக்கரிச் சுரங்கத்தை மூடுவது எப்படி?

கேள்வி: நிலக்கரி தீர்ந்த சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியில் மண்ணைக் கொட்டி, மேலே கான்கிரீட் போட்டால் போதாதா?

போதாது. உள்ளே தண்ணீர் ஏறும்போது மண் கூழாகி, அடியிலுள்ள பக்கவாட்டுப் பாதைகளுக்குள் வழிந்துவிடும். பல ஆண்டுகள் கழித்து மூடி மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதனால் முதலில் பாதை வாய்களைத் தடுத்துவிட்டு, தண்ணீரில் கரையாத கெட்டிப் பாறைத் துண்டுகளால் குழியை நிரப்ப வேண்டும். அதற்கு முன்பே எண்ணெய் உள்ள இயந்திரங்களை வெளியே எடுத்துவிட வேண்டும். பழைய உத்தரங்களும் குழாய்களும் குழியில் குறுக்கே கிடந்தால் கற்கள் அவற்றில் சிக்கிப் பாலம்போல் நின்றுவிடும், கீழே வெற்றிடம்தான். இதைக் கண்டுபிடிக்க லாரிக் கணக்கே உதவும். 6 மீட்டர் விட்டம், 300 மீட்டர் ஆழம் என்றால் சுமார் 8,500 கன மீட்டர் பிடிக்க வேண்டும். பாதியிலேயே நிரம்பினால் எங்கோ அடைத்திருக்கிறது. அளவு தாண்டியும் நிரம்பாவிட்டால் பக்கவாட்டில் ஓடுகிறது.

கான்கிரீட் மூடி, கம்பி கட்டியதாக, குழியின் விட்டத்தைப் போல இரு மடங்கு அகலத்தில் கெட்டிப் பாறைமேல் உட்கார வேண்டும். அதில் தீத்தடுப்பு வலை பொருத்திய காற்றுக்குழாய் ஒன்று அவசியம். வளிமண்டல அழுத்தம் குறையும்போது உள்ளிருக்கும் மீத்தேன் வெளியேறப் பார்க்கும். வழி கொடுக்காவிட்டால் அருகிலுள்ள கட்டடங்களின் அடித்தளத்துக்குள் நுழையும். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்க ஒரு தீப்பொறியே போதும்.

கேள்வி: மூடிய சுரங்கத்திலிருந்து ஓடைக்கு வரும் தண்ணீர் ஏன் ஆரஞ்சு நிறமாக இருக்கிறது?

நிலக்கரியோடு இருக்கும் பைரைட் என்ற இரும்புக் கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டு அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. சுரங்கத் தண்ணீரை இறைத்த பம்பை நிறுத்தியதும் அதெல்லாம் நீரோடு மேலே வரும். வெளிக்காற்று பட்டதும் இரும்பு துருவாகி ஆரஞ்சு நிறம் தரும். முதலில் வருவதுதான் மிக மோசம். பிறகு மெல்லக் குறையும்.

அமிலம் குறைவாக இருந்தால் தண்ணீரைப் படிப்படியாக விழவிட்டுக் காற்றூட்டி, படிவுக் குளத்தில் தேக்கி, நாணல் பாத்தி வழியாக விடலாம். அமிலம் அதிகமென்றால் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்புக்கல் படுக்கையைத் திறந்தவெளியில் அமைத்தால் கல்மீது துருப் பூச்சு படிந்து வேலை நின்றுபோகும். ஆகவே காற்றுப் புகாமல் புதைப்பார்கள். குளத்துச் சேற்றை அவ்வப்போது அள்ளுவதற்கான செலவைத்தான் திட்டம் போடுபவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: மேலே வீடு கட்டலாமா?

கூரையை முழுதாகச் சரியவிட்டு வெட்டிய சுரங்கம் என்றால் நிலம் பெரும்பாலும் சில ஆண்டுகளில் அமிழ்ந்து முடிந்துவிடும். கூரையைத் தாங்க நிலக்கரியிலேயே தூண் விட்டு வெட்டியதென்றால் நூறாண்டு கழித்தும் பள்ளம் விழலாம். பழைய வரைபடத்தை மட்டும் நம்பாமல் துளையிட்டுப் பார்த்து, வெற்றிடங்களில் சிமெண்டும் சாம்பலும் கலந்த குழம்பை நிரப்பிய பிறகே அஸ்திவாரம் தோண்டுங்கள்.