கிராமும் ரூபாயும் கலந்தால் மொழி தடுக்க வேண்டாமா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்குக் கொலுசுப் பட்டறை இருக்கிறது. ஆட்களுக்குக் கொடுக்கும் வெள்ளி, திரும்பி வரும் கொலுசு, சேதாரம் எல்லாவற்றுக்கும் ஜாவாஸ்கிரிப்டில் நானே கணக்கு புரோகிராம் எழுதினேன். 250 கிராமோடு 50 கிராமைக் கூட்டினால் 25050 என்று வந்தது. "கவனமாக எழுதினால் எந்த மொழியும் போதும்" என்கிறார் நண்பர். நான் ரஸ்ட் மொழிக்கு மாறலாமா?

பதில்: நண்பர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். திரையில் உள்ள கட்டத்தில் நீங்கள் தட்டிய 250, எண்ணாக வருவதில்லை, எழுத்தாக வருகிறது. எழுத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டையும் ஒட்டிவிடும். அதே 250-இல் 50-ஐக் கழித்தால் மட்டும் 200 என்று ஒழுங்காகக் காட்டும். இப்படிப் பாதி இடத்தில் சரியாக வருவதால்தான் பிழை நாள்கணக்கில் ஒளிந்திருக்கிறது. பைத்தான் மொழியில் இந்தக் கூட்டல் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். எழுதுகிறவர் அதே ஆள்தான், மொழிதான் வேறு.

தேர்ந்தவர்களுக்கும் இது நேர்கிறது. தாங்கள் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 சதவீதம் நினைவகப் பிழைகள், அதாவது கணினியின் நினைவகத்தைத் தவறாகக் கையாளும் பிழைகள் என்று 2019-இல் மைக்ரோசாப்ட் சொன்னது. அந்த வகைப் பிழைகளில் பெரும்பாலானவற்றை ரஸ்ட் கம்பைல் செய்யும்போதே, அதாவது புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, மறித்துவிடும். ஆனால் உங்கள் சிக்கல் அதுவல்ல. நினைவகத்தை ஜாவாஸ்கிரிப்ட் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் ரஸ்ட் வேண்டாம், டைப்ஸ்கிரிப்டுக்கு மாறுங்கள். அது ஜாவாஸ்கிரிப்ட்தான், எது எண், எது எழுத்து என்ற வகையை ஓட்டும் முன்பே சோதிக்கும்.

மாறினால் மட்டும் போதாது. எழுத்தையும் எண்ணையும் கூட்ட டைப்ஸ்கிரிப்டும் விடும். அந்த விடையை எண் என்று குறித்த இடத்தில் வைக்கப் போகும்போதுதான் தடுக்கும். ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் (ஒரு வேலையைச் செய்யும் புரோகிராம் துண்டு) வகையை எழுதுங்கள். கிராம், ரூபாய் என்று வெறும் பெயர் வைத்தால் இரண்டும் அதற்கு ஒரே எண்தான். தனித்தனி முத்திரையுள்ள வகைகளாக அமைத்தால்தான் எடை கேட்கும் இடத்தில் கூலியை வைக்க விடாது. 1999-இல் நாசாவின் செவ்வாய்க் கலம் ஒன்று தொலைந்ததற்கும் அலகுக் குழப்பமே காரணம். ஒரு மென்பொருள் பவுண்டுக் கணக்கில் தந்ததை இன்னொன்று நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது.

அப்புறம், புரோகிராம் ஓடும்போது இந்த வகைகள் எதுவும் இருக்காது. எடை உள்ளே வரும் இடத்திலேயே எண்ணாக மாற்றிச் சோதியுங்கள். வெற்றுக் கட்டத்தை எண்ணாக மாற்றினால் 0 வரும். வெற்றுக் கட்டத்தைத் தனியாகச் சோதித்து, ஏற்காமல் விடுங்கள். தசமத்தில் 0.1, 0.2 கூட்டினாலே சரியாக 0.3 வராமல் பிசிறடிக்கும், அதனால் எடையை மில்லிகிராமில் முழு எண்ணாக வையுங்கள்.

சேதார விகிதத்தையே தப்பாக எழுதினால் எந்த மொழியும் கண்டுபிடிக்காது. அதற்குப் போன மாத நோட்டுக் கணக்கை அப்படியே புரோகிராமில் ஓட்டி, வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள்.